ஓர் ஊரின் ஆசுவாசம்

தமிழில் பயணக் கட்டுரை என்ற பெயரில் அச்சாகிறவற்றில் பெரும்பகுதி தெருச் சுத்தத்தைப் பற்றிய வியப்புதான். குப்பைத் தொட்டி, வரிசையில் நிற்கும் ஜனங்கள், ஹாரன் அடிக்காத கார், ஆள் வந்தால் தானே திறந்துகொள்ளும் கதவு. பார்த்த ஊரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு, விட்டு வந்த ஊரின் குறைகளைத் திருப்பிப்போட்டு எழுதும் காரியம் இது. இன்னொரு வகையும் உண்டு. அது நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களுடையது. ஒரு மியூஸியம், ஒரு கவிஞனின் கல்லறை, ஒரு பழைய புத்தகக் கடை. மற்றபடி அங்கே ஊர் என்று ஒன்று இருந்ததா, ஜனங்கள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்பது கட்டுரையில் தெரியவராது. முதல் வகைக்காரனுக்குக் கண் உண்டு, பிரக்ஞை கிடையாது. இரண்டாவது வகைக்காரனின் விஷயம் நேர் எதிர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊரைப் பார்க்க முடியுமா என்பதுதான் என் முன்னால் இருந்த பிரச்னை.

போன ஜனவரியில் பன்னிரண்டு நாள் ஃப்ரீமாண்டிலில் இருந்தேன். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், ஸ்வான் நதி இந்து மகா சமுத்திரத்தில் விழும் இடத்திலிருக்கும் ஊர். பெர்த் நகரத்துக்குத் துறைமுகம். என் தங்கை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் கணக்கைப் பார்க்கும் வேலை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் போனதற்குக் காரணம் இலக்கியமில்லை. தூத்துக்குடியில் என்னோடு இருக்கும் அம்மாவை ஒரு வருஷம் தன்னிடம் அனுப்பச் சொல்லித் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா பதில் சொல்லவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று என்னை அனுப்பினாள். சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் அந்த ஊரின் ஆசுவாசத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவதற்கு அர்த்தமில்லை. சவுத் டெர்ரஸ் என்ற தெருவில் காபிக் கடைகளின் நாற்காலிகள் நடைபாதை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய மீனவக் குடும்பங்களும் அவர்கள் பின்னால் வந்தவர்களும் ஊருக்குப் பழக்கிவிட்ட காபி. வெறுங்காலோடு, தோளில் ஈரத் துண்டோடு, மளிகைக் கடைக்குள் வந்து பால் வாங்கிப் போகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல கடைகள் பிற்பகல் மூன்று மணிக்கு நாற்காலிகளைக் கவிழ்த்துவிடுகின்றன. இன்னும் நாலு காபி விற்றிருக்கலாமே என்ற விசாரம் கடைக்காரன் முகத்தில் இல்லை. ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்வதுகூட அவர்களுக்கு அதிகப்படியாகப் படுகிறது. ‘ஃப்ரீயோ’ என்று முடித்துக்கொள்கிறார்கள். மாலை ஏழே கால், ஏழரைக்குச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஜனங்கள் போய் உட்காருகிறார்கள். கடலிலிருந்து சூரியன் புறப்பட்டு வருவதை மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு, அது கடலுக்குள் போவது ஏதோ கணக்கு முடிக்கிற காட்சியாக இருந்தது.

பிறகு காற்று. காலையில் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து கிழக்குக் காற்று அனலாக வரும். பத்து மணிக்குமேல் தெருவில் நடக்க முடியாது. மதியத்துக்குப் பிறகு, நிலம் சூடேறி அதன்மேல் காற்று எழும்பவும், கடலிலிருந்து தென்மேற்குக் காற்று உள்ளே நுழைகிறது. அதற்கு ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்று பெயர். பெர்த் டெஸ்ட் மாட்ச் வர்ணனைகளைக் கேட்டவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். அது வந்தவுடன் ஊரின் தோள்கள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஜன்னல்கள் திறக்கின்றன. பேச்சு தொடங்குகிறது. போனில் அம்மா கேட்ட முதல் கேள்வியே காற்றைப் பற்றித்தான். அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் வீட்டில் காற்றுக்குத் திசை கேட்காமல் யாரும் பேசமாட்டார்கள். “கொண்டலா, கச்சானாப்பா?” என்றாள். கச்சான் என்றேன். கடலிலிருந்து கச்சான் வரும் ஊர் ஒன்று இருக்க முடியும் என்பதை அவள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கள் ஊரில் கடலிலிருந்து வருவது கொண்டல்.

இந்த ஆசுவாசத்துக்கு வயது அதிகமில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாய்மரப் படகுப் பந்தயத்தில் 132 வருஷம் அமெரிக்கர்களிடமே இருந்த அமெரிக்கா கோப்பையை 1983இல் ஆஸ்திரேலியப் படகு ஜெயித்தது. அதனால் அடுத்த பந்தயம் 1987இல் ஃப்ரீமாண்டில் கடலில் நடந்தது. அதற்காக, அதுவரை பழைய, அழுக்கேறிய துறைமுக ஊராக இருந்ததை எடுத்துக் கட்டிச் சாயம் பூசினார்கள். கோப்பையை அமெரிக்கர்கள் திரும்ப ஜெயித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயமும் நாற்காலிகளும் தங்கிவிட்டன. ஆக, காலங்காலமாக வந்த சுபாவம் என்று நான் முதலில் எண்ணக்கூடியதில் ஒரு பகுதி நாற்பது வருஷத்துக்குள் தயாரானது. இதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு ஊரின் சுபாவத்துக்கும் தேதி உண்டு என்று தெரிந்துகொள்வது விமர்சகனுக்கு நல்லது.

சௌகரியம் என்றாலே நமக்குச் சந்தேகம். நம் விமர்சனத்தில் ‘தீவிரம்’ என்பது பாராட்டுச் சொல், ‘சொகுசு’ வசவு. கஷ்டப்பட்டவன் எழுதினால்தான் எழுத்து என்று ஒரு மூடநம்பிக்கை நம்மிடையே வேரோடியிருக்கிறது. இதை நாம் நமக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. ஆங்கில இலக்கியம் படித்த வழியில் வந்ததும் உண்டு. இந்த ஆஸ்திரேலிய ஆசுவாசத்தைப் பற்றியே டி.எச். லாரன்ஸ் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறார். சிலோனில் சில வாரங்கள் இருந்து, அங்கே ஒத்துக்கொள்ளாமல், கப்பலேறி 1922 மே மாதம் ஃப்ரீமாண்டிலில் வந்து இறங்கியவர் அவர். பெர்த்தை அடுத்த மலைச்சரிவில் டார்லிங்டன் என்ற இடத்தில் மாலி ஸ்கின்னர் நடத்திய விடுதியில் இரண்டு வாரம் போலத் தங்கினார். அந்தப் பெண்மணியின் கையெழுத்துப் பிரதியைத் திருத்தி எழுதியதுதான் இருவர் பெயரிலும் 1924இல் வந்த ‘தி பாய் இன் தி புஷ்’. அதற்கு முன் 1923இல் வந்தது ‘கங்காரு’. அந்த நாவலில் ஆஸ்திரேலியர்களின் அக்கறையற்ற எளிமை கதாநாயகனைக் கவரவும் செய்கிறது, மிரட்டவும் செய்கிறது. மேலே சுதந்திரம், உள்ளே ஒன்றுமில்லை என்பது அவன் முடிவு. மேற்கு ஆஸ்திரேலியக் காட்டில் நிலவொளியில் தனியே நடந்தபோது, அங்கே ஏதோ ஒன்று தன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்ற பயத்தில் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்ததாகவும் வருகிறது.

மாணவனாகப் படித்தபோது இந்தப் பகுதி லாரன்ஸின் மேதைமைக்கு அத்தாட்சியாகப் பட்டது. இடத்தின் ஆவியைப் பிடித்துவிட்டான் என்று வகுப்பில் சொன்னார்கள். ஃப்ரீமாண்டிலில் நின்று யோசிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. அவர் உணர்ந்த பயம் நிஜம். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டின்மேல் ஏற்றிவிட்டு, காட்டிலிருந்தவர்களைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டார். ஊருக்கு நூங்கர் மக்கள் வைத்திருந்த பெயர் வால்யலப். 1829 மே மாதம் கேப்டன் சார்ல்ஸ் ஃப்ரீமாண்டில் வந்து கொடி நாட்டிச் சொந்தம் கொண்டாடியதில் இப்போதைய பெயர் ஒட்டிக்கொண்டது. லாரன்ஸ் இறங்கிய துறைமுகத்தின் எதிரில், கண்ணுக்கெட்டும் தூரத்தில், அந்த மக்களை அடைத்து வைத்த தீவு ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றுகிற இடத்தில் எதையாவது புதைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது நாவலாசிரியனின் வேலையில்லை என்றால், அது வேறு யாருடைய வேலை?

ஊரின் மேற்குக் கோடியில், ஹை ஸ்ட்ரீட் முடியும் மேட்டில் ‘ரவுண்ட் ஹவுஸ்’ என்ற கட்டடம் இருக்கிறது. பெயர்தான் வட்டம், உண்மையில் பன்னிரண்டு பக்கம். வெள்ளைச் சுண்ணாம்புக்கல். 1831 ஜனவரியில் திறந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் நிற்கும் பொதுக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. குடியேறி இரண்டு வருஷம் ஆவதற்குள் கல்லில் எழுப்பிய அது, ஒரு ஜெயில். எட்டு அறைகள். 1844இல் ஜான் காவின் என்ற பதினைந்து வயதுப் பையனை அதன் வாசலில் தூக்கிலிட்டார்கள். காலனியில் சட்டப்படி தூக்கிலிடப்பட்ட முதல் வெள்ளையன் அவன்தான். திமிங்கில வேட்டைக்காரர்கள் கரையிலிருந்து தெருவுக்குச் சரக்கு கொண்டுவரக் குடைந்த சுரங்கப்பாதை அதன் அடியில் ஓடுகிறது. அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் சின்னக் கடற்கரை. ஜனங்கள் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் அந்தச் சுரங்கத்தில் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தன. என் மருமகளும் கத்தினாள்.

இந்தக் கட்டடத்தை வரைந்து கட்டியவர் ஹென்றி ரெவெலி என்ற என்ஜினீயர். பெயரைப் பலகையில் பார்த்தவுடன் எங்கேயோ கேட்டதாக இருந்தது. ஷெல்லியின் வாழ்க்கையில் வருகிற ரெவெலிதான். இத்தாலியில் லிவோர்னோவில் இருந்த மரியா கிஸ்போர்னின் மகன். அவர் கட்ட நினைத்த நீராவிப் படகுக்கு ஷெல்லி பணம் கொடுத்தார். மரியா கிஸ்போர்னுக்கு 1820இல் எழுதிய செய்யுள் கடிதம், ரெவெலியின் பட்டறையில் உட்கார்ந்து எழுதியது. 1821இல் லிவோர்னோவிலிருந்து பீஸாவுக்குக் கால்வாய் வழியாக இரவில் சிறு படகில் போனபோது படகு கவிழ்ந்தது. நீச்சல் தெரியாத ஷெல்லியைக் கரைக்கு இழுத்துவந்து காப்பாற்றியவர் இந்த ரெவெலி. அடுத்த வருஷம் ஜூலையில் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தபோது ரெவெலி படகில் இல்லை. எட்டு வருஷத்தில் அவர் உலகத்தின் இன்னொரு கோடியில், மற்றொரு கடலின் ஓரத்தில், ஜெயில் கட்டிக்கொண்டிருந்தார்.

கொடுங்கோலர்களுக்கு எதிராக எழுதிய கவிஞனைத் தண்ணீரிலிருந்து தூக்கிய அதே கைகள் இந்த அறைகளுக்கும் அளவு குறித்தன. இதில் முரண் இருப்பதாக ரெவெலிக்குத் தோன்றியிருக்கவேண்டிய அவசியமில்லை. நல்ல என்ஜினீயர், நல்ல நண்பர், இட்ட வேலையைச் செய்தவர். இலக்கியத்தோடு இருந்த பரிச்சயம் மனுஷனை எதிலிருந்தாவது தடுத்து நிறுத்தும் என்று நாம் உள்ளூர நம்பிக்கொண்டிருக்கிறோம். சிறுபத்திரிகை நடத்துவதே அந்த நம்பிக்கையில்தான். அந்த வெள்ளைச் சுவர் அதற்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

ஊருக்குள் திரும்பி நடந்தால், இந்த ஆசுவாசம் முழுவதும் சிறைகளில் குடியிருப்பது தெரிகிறது. 1850இலிருந்து 1868 வரை பிரிட்டனிலிருந்து கப்பல் கப்பலாகக் கைதிகள் வந்தார்கள். தங்களை அடைக்கவேண்டிய பெரிய சிறையை, அந்த இடத்திலேயே சுண்ணாம்புக்கல் வெட்டி, அவர்களே 1850களில் கட்டிக்கொண்டார்கள். 1991 வரை அது நடப்புச் சிறையாக இருந்தது. 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பெண்கள் சிறையாக இருந்த பகுதி 2015இல் பயணிகள் விடுதியாகத் திறக்கப்பட்டது. 1860களில் அதே கைதிகளைக் கொண்டு கட்டிய பைத்தியக்கார ஆஸ்பத்திரி இன்று கலை மையம். கூரான முகடுகளும் முற்றத்தில் பெரிய மரங்களும் உள்ள அழகான இடம். வாய்ப்பாட்டுக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி, புல்லில் படுத்துக் கேட்கும் ஜனங்கள்.

அந்தக் கலை மையத்தில் 1976இல் ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். பெரிய நகரங்களின் பிரசுரகர்த்தர்கள் கண்டுகொள்ளாத மேற்குக் கரை எழுத்தாளர்களுக்காகத் தொடங்கிய சிறிய பதிப்பகம். நம் மாதிரி ஆட்களுக்கு அந்த வகைக் காரியத்தின் வாசனை உடனே தெரியும். பள்ளிப் படிப்பு அநேகமாக இல்லாத ஏ.பி. ஃபேசியின் சுயசரிதை 1981இல் அங்கிருந்து வந்தது. 1987இல் வந்தது சாலி மார்கனின் ‘மை ப்ளேஸ்’. கிம் ஸ்காட் என்ற நூங்கர் எழுத்தாளரின் ‘பெனாங்’ 1999இல் வந்து, அடுத்த வருஷம் மைல்ஸ் ஃப்ராங்க்ளின் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஆட்களை அடைத்து வைத்த கட்டடத்திலிருந்து, அடைத்து வைத்த சங்கதிகள் வெளியே வந்திருக்கின்றன. இதை நான் அழகான ஒற்றுமையாகச் சொல்லவில்லை. கட்டடத்துக்கு ஞாபகம் கிடையாது. அதற்குள் யாராவது உட்கார்ந்து வேலை செய்யவேண்டியிருக்கிறது.

‘மை ப்ளேஸ்’ புத்தகத்தில் எனக்கு மறக்க முடியாமல் போனது ஒரு தகவல். பெர்த் புறநகரில் வளர்ந்த சாலியும் கூடப் பிறந்தவர்களும் தங்கள் நிறத்துக்கு என்ன காரணம் என்று கேட்டபோது, நாம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மாவும் பாட்டியும் ஆதிக்குடிகள் என்பது வெளியே தெரிந்தால் அரசாங்கம் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம்; அப்படிப் பல தலைமுறைகளாகப் பிடித்துப் போயிருக்கிறார்கள். சொந்த மண்ணில் ஒளிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்கு ‘இந்தியன்’ என்ற சொல் பயன்பட்டிருக்கிறது. என் தங்கையிடம் பஸ்ஸிலும் கடையிலும் எந்த ஊர் என்று கேட்கிறார்கள்; இந்தியா என்கிறாள்; சிரித்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளுக்கு அது ஒரு பாஸ்போர்ட் சமாச்சாரம். இன்னொருத்திக்கு அதே பதில் பதுங்குகுழியாக இருந்திருக்கிறது.

எதிரில் இருக்கும் தீவுக்குத் தங்கை, மாப்பிள்ளை, குழந்தை எல்லோருமாகப் போனோம். பத்தொன்பது கிலோமீட்டர், படகில் அரை மணி. ராட்னெஸ்ட் என்பது டச்சுக்காரர்கள் வைத்த பெயர். 1696இல் வந்த வில்லெம் டி ஃப்ளாமிங் அங்கே இருந்த க்வாக்கா என்ற சிறு பிராணியைப் பெரிய எலி என்று நினைத்து எலிக்கூடு என்று பெயரிட்டார். நூங்கர் பெயர் வாஜெமப். தண்ணீருக்கு அப்பால் ஆவிகள் இருக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். சொந்தக் காருக்கு அனுமதியில்லை, எல்லோருக்கும் வாடகை சைக்கிள். கடல் பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காக இருந்தது. க்வாக்கா சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறது. ஜனங்கள் தரையில் படுத்து அதோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

1838இலிருந்து 1904 வரை ஆதிக்குடி ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் அது சிறை. அதற்குப் பிறகும் 1931 வரை கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். ரவுண்ட் ஹவுஸில் வைத்திருந்து படகேற்றுவார்கள். ஆடோ மாடோ கொன்றதற்காக, வடக்கே ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்துகூடச் சங்கிலியில் கொண்டுவந்தார்கள். மொத்தம் சுமார் 4,000 பேர். அங்கேயே இறந்தவர்கள் 370க்கு மேல். பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லாமல் புதைத்தார்கள். அந்த நிலத்தின்மேல் விடுமுறைக்காரர்களின் கூடார முகாம் 2007 வரை இருந்தது. ‘க்வாட்’ என்று சொல்லப்படும் சிறைக் கட்டடத்தின் அறைகளை விடுமுறை அறைகளாக்கி 2018 வரை வாடகைக்கு விட்டார்கள். தேன்நிலவுக்கு வந்த தம்பதிகள் அங்கே தூங்கியிருப்பார்கள்.

இதையெல்லாம் அங்கே வைத்திருந்த பலகைகளிலிருந்தும் முன்பே படித்ததிலிருந்தும் தங்கைக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் முந்தின இரவு வேலை முடித்து மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்திருந்தாள். ஒரு மர நிழலில் துண்டை விரித்தவள், விரித்தபடியே நின்று, “அண்ணே, எல்லா எடத்தையும் தோண்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவியா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “ராத்திரி பூரா நின்னுட்டு வாரேன். எனக்கு உக்காரணும், அவ்வளவுதான்.”

மாப்பிள்ளை, “விடுங்க மச்சான், சாப்பிடுவோம்” என்று புளிச்சோற்றைப் பிரித்தார்.

அவள் கேட்டது இலக்கியக் கேள்வியில்லை. ஆனால் இலக்கியக் கேள்வி எதற்கும் இதற்குச் சமமான கனம் இல்லை. அவள் பார்த்துக்கொள்கிற கிழவர்களில் சிலருடைய பாட்டன்மார் இந்த ஊரில் நிலம் வாங்கியவர்களாக இருப்பார்கள். அவர்களைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருகிறாள். அவள் யாரையும் விரட்டவில்லை. அவள் உட்காருவதற்கு ஒரு நிழல் வேண்டும். அந்த நிழல் யாருடையது என்ற கேள்விக்கு அவள்தான் பதில் சொல்லவேண்டுமா? பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்து திரும்பிப்போகிறவன் தார்மீகக் கோபம் கொள்வது சுலபம். அவனிடமிருந்து திருப்பிக் கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை. மறதியில் ஒரு சௌகரியம் இருப்பதுபோல் தோண்டுவதிலும் ஒரு சௌகரியம் உண்டு. நம் விமர்சனம் பல சமயம் இந்த இரண்டாவது சௌகரியத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. அதே சமயம், உட்காரவேண்டும் என்ற அவளுடைய நியாயம் அந்த 370 பேரை இல்லாமலாக்கிவிடாது. இரண்டும் நிஜம். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு மிச்சம் காட்ட முடியாது. பாங்கில் நாள் முடிவில் வரவும் பற்றும் சரிக்கட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம். இங்கே அந்தப் பழக்கம் உதவவில்லை.

திரும்பி வந்த மறுநாள் எஸ்பிளனேட் பூங்காவில் ஒரு நினைவுச்சின்னத்தைப் பார்த்தேன். உயரமான பைன் மரங்கள், புல்வெளி, அதற்கு நடுவில் கல் பீடம், மேலே மெய்ட்லண்ட் ப்ரவுன் என்பவரின் மார்பளவுச் சிலை. 1864இல் வடக்கே லா க்ராஞ்ச் பக்கம் பான்ட்டர், ஹார்டிங், கோல்ட்வயர் என்ற மூன்று வெள்ளையர்கள் நிலம் தேடிப் போய்க் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் ப்ரவுன் ஒரு கூட்டத்தோடு போய் அவர்களுடைய உடல்களை மீட்டு வந்தார். 1913இல் வைத்த தகடு, துரோகிகளான காட்டுவாசிகள் இரவில் தாக்கிக் கொன்றார்கள் என்கிறது; மறவாதிருப்போம் என்று முடிகிறது. அதே பீடத்தில் அதற்குக் கீழே 1994இல் இன்னொரு தகடு பதித்திருக்கிறார்கள். மேலே உள்ளது கதையின் ஒரு பக்கம்தான். கொலைக்கு முன்னால் நடந்த தூண்டுதல்களை அது சொல்லவில்லை. ப்ரவுனின் கூட்டம் போனபோது அந்தப் பகுதி மக்கள் சுமார் இருபது பேர் செத்தார்கள். படையெடுப்பில் இறந்த எல்லா ஆதிக்குடிகளுக்கும் இது நினைவு என்கிறது. அதுவும் மறவாதிருப்போம் என்றே முடிகிறது. அந்த மக்களின் மொழியிலும் ஒரு வரி உண்டு.

ரொம்ப நேரம் அங்கே நின்றேன். விமர்சனம் என்று நாம் சொல்வது என்ன என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பழைய தகட்டைப் பெயர்த்து எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால், இப்படியும் ஒருவன் எழுதி வைத்தான், இப்படி எழுதியதை எண்பது வருஷம் ஒரு ஊர் படித்துக்கொண்டு பூங்காவில் உலாவியது என்பதற்குச் சாட்சி போயிருக்கும். பதில் எழுதாமலே விட்டிருக்கலாம். பொய் தனியாக ஆட்சி செய்திருக்கும். பிரதியை வைத்துக்கொண்டு, அதன் அடியிலேயே, அதே அளவு கடினமான உலோகத்தில், பெயரும் தேதியும் எண்ணிக்கையுமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். வசவு இல்லை. நாம் ஒருவரையொருவர் நிராகரிக்கும்போது எதிராளியின் வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா நிராகரிக்கிறோம்? க.நா.சு. பட்டியல் போட்டார் என்றால் பட்டியலைக் கிழிக்கிறோம். அல்லது அதற்குப் பதிலாக நம் பட்டியலைத் தொங்கவிடுகிறோம்.

இந்தத் தகட்டோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 2017இல் ஊர் நகரசபை ஜனவரி 26ஆம் தேதிக் கொண்டாட்டத்தை விட்டு, ஜனவரி 28இல் வேறு ஒரு நாளாக நடத்தியது. வெள்ளைக்காரன் வந்து இறங்கிய நாளைக் கொண்டாடுவது அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு என்னவாக இருக்கும் என்ற யோசனையில் எடுத்த முடிவு. அதற்கும் சண்டை நடந்தது. ஆக, சவுத் டெர்ரஸ் நாற்காலிகளில் சாய்ந்திருக்கிறவர்கள் உள்ளே ஒன்றுமில்லாதவர்கள் என்ற லாரன்ஸின் தீர்ப்பு செல்லாது. அவர்களில் சிலர் மறந்தவர்கள். சிலர் மறக்க மறுத்து, இரண்டாவது தகட்டைப் பதித்துவிட்டு, பிறகு காபி குடிக்க வந்து உட்கார்ந்தவர்கள். பார்வைக்கு இருவரும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ஊரின் ஆசுவாசத்தைப் பற்றி வெளியிலிருந்து வந்தவன் தீர்ப்புச் சொல்வதிலுள்ள சங்கடம் இதுதான்.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டாள். காற்றைச் சொன்னேன், கடலைச் சொன்னேன், பேத்தி சுரங்கத்தில் கத்தியதைச் சொன்னேன். தீவையும் சொன்னேன், சொல்லாமல் விடலாமா என்று யோசிக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைகளப் பெத்தவளுகளுக்குச் சேதி போச்சாப்பா?” என்றாள். புதைத்த இடத்தில் பேர்கூட எழுதி வைக்கவில்லை என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், “இவளுக்கு ராத்திரி வேலைன்னா, பிள்ளைய யாரு தூங்கப் போடுதா?” என்றாள். மாப்பிள்ளை பகலில் வேலை முடித்து வந்து தூங்கப்போடுகிறார், சில நாள் பிள்ளை அழுதுகொண்டே தூங்கிவிடுகிறது என்றேன்.

இரண்டு கேள்விகளையும் அவள் ஒரே குரலில்தான் கேட்டாள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.